விடியலில் விழாத கல்

தம்பி பொய் சொல்கிறான் என்பது அக்காவுக்கு ஆஸ்பத்திரியிலேயே தெரிந்துபோயிற்று. அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தாள். வேறு யாரிடம் சொல்லியிருந்தாலும் அந்தப் பொய் பிழைத்திருக்கும். போயும் போயும் அவளிடம் சொன்னான்.

"நீ எப்பவும் சொல்வியேக்கா, அதேதான்," என்றான். தோள்பட்டை எலும்பு உடைந்து, இடது கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். நெற்றியில் தையல். "விடியற நேரம். நேரா முன்னாடி. ரோடு முடியற இடத்துல இருந்து நெருப்பு மாதிரி கிளம்பி வந்துச்சு. என் வண்டிக் கண்ணாடியைப் பார்த்தே வந்துச்சு. எரிகல்லு. ஸ்டியரிங்கை ஒடிச்சேன். அதுக்கப்புறம் ஒண்ணும் ஞாபகமில்ல."

"சத்தம் கேட்டுச்சா?"

"கேக்கல. கண்ணு கூசிப்போச்சு. விடியற்காலையிலதானே அதிகமா வரும்? நீதானே சொன்னே?"

"சொன்னேன்."

"அப்ப நீதான் எனக்கு சாட்சி," என்று சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். அக்கா உரித்த பழத்தைத் தட்டில் வைத்தாள். அவன் அதைத் தொடவே இல்லை.

அவனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தொலைதூரப் பேருந்து ஓட்டுகிறவன். இத்தனை வருஷத்தில் ஒரு சைக்கிளைக்கூட உரசியதில்லை. டிப்போவில் அவனுக்கு 'நிதானம்' என்றே பெயர் விழுந்துவிட்டது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று போய்விடுவான். அந்த நிதானம் ஓட்டிய வண்டிதான் போன வாரம் விடிகிற நேரத்தில் ஒரு பாலத்தின் கைப்பிடிச் சுவரில் போய் மோதியது. பயணிகள் பலருக்கு அடி. டிரைவருக்குப் பக்கத்தில், முன் இருக்கையில் இருந்த பெண் அங்கேயே இறந்துபோனாள். படித்து முடித்து, முதல் வேலையில் சேர்ந்து, முதல் லீவுக்கு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவள்.

கல் வந்திருந்தால் அது யார் குற்றமும் இல்லை. தூங்கியிருந்தால் அவன் குற்றம். வேலை போகும், ஜெயில்கூட வரலாம், நிதானம் என்ற பெயரை இனி டிப்போவில் யாரும் சிரிக்காமல் சொல்ல முடியாது. விஷயம் இவ்வளவுதான். சுற்றி வளைக்க ஒன்றுமில்லை.

ஊர் என்னவோ கல்லை நம்பிவிட்டது. நம்பாமல் என்ன செய்யும்? டிரைவர் தூங்கினான் என்பது பழைய சங்கதி, வானத்திலிருந்து கல் விழுந்தது என்றால் பேச நன்றாக இருக்கிறது. பேப்பர்காரர்கள் எழுதினார்கள். காந்தத்தைக் கயிற்றில் கட்டிக்கொண்டு ஒரு கூட்டம் பாலத்தடியில் இரண்டு நாள் இழுத்துப் பார்த்தது. துருப்பிடித்த போல்ட்டும் யாரோ தொலைத்த சாவிக்கொத்தும்தான் கிடைத்தன. கல் ஆற்றுக்குள் போயிருக்கும் என்று அவர்களே சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். தம்பி வேலை பார்த்த கம்பெனிக்கும் கல்தான் தோதாக இருந்தது. வானத்து மேல் யார் வழக்குப் போட முடியும்?

அக்காவின் உத்தியோகமே இந்தக் கற்களை எண்ணுவதுதான். ஊருக்கு வெளியே ஒரு பொட்டல், அதில் துணி காயப்போடும் கம்பங்கள் மாதிரி வரிசையாக ஆன்டெனாக்கள், நடுவில் தகரக் கூரை போட்ட ஓர் அறை. அங்கிருந்து ரேடியோ அலையை மேலே அனுப்புவார்கள். எரிகற்கள் காற்றில் உரசிக் கிழிக்கிற கோடுகளில் பட்டு அது எதிரொலியாகத் திரும்பி வரும். பகலா இரவா, மேகமா வெயிலா என்பதெல்லாம் அதற்குக் கணக்கில்லை. வீட்டில் அவளுக்குப் பட்டப்பெயர் ரேடார். யார் எதை ஒளித்து வைத்தாலும் கண்டுபிடித்துவிடுவாள் என்று தம்பி வைத்த பெயர் அது.

அந்த அறையில் ஒரு திரை இருக்கிறது. மணிக்கு எத்தனை எதிரொலி என்று அதில் ஒரு கோடு ஓடும். நள்ளிரவுக்குப் பிறகு கோடு மேலே ஏறும், விடியும்போது உச்சிக்குப் போகும், பிறகு சரிந்து சரிந்து சாயங்காலம் தரை தட்டும். மறுநாள் மறுபடி ஏறும். வருஷம் முழுக்க இதே கதை. காரணம் கேட்டால் அக்கா மழையைச் சொல்வாள். மழையில் ஓடுகிற வண்டிக்கு முன்கண்ணாடியில்தானே அடி அதிகம்? பூமி சூரியனைச் சுற்றி, துப்பாக்கிக் குண்டைவிடப் பல மடங்கு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடுகிற திசையைப் பார்த்திருக்கிற பக்கம் எதுவோ, அங்கே அப்போது விடிகாலை. எதிரே வருகிறதையெல்லாம் அந்தப் பக்கம் வாரிக்கொள்ளும். முதுகுப் பக்கம் சாயங்காலம். அங்கே மழை அவ்வளவாக அடிக்காது.

இதை அவள் பள்ளிக்கூடங்களில் சொல்லியிருக்கிறாள், கல்யாண வீடுகளில் சொல்லியிருக்கிறாள், பல் பிடுங்கப் போன இடத்தில் டாக்டரிடம்கூடச் சொல்லியிருக்கிறாள். ஆனால் தம்பி புரிந்துகொண்ட மாதிரி யாரும் புரிந்துகொண்டதில்லை. சாப்பாட்டு மேசையில் தட்டை ஸ்டியரிங் மாதிரி பிடித்துக்கொண்டு தன் பெண்டாட்டிக்கு விளக்குவான். "பூமின்னா ஒரு பஸ். டிரைவர் சீட்டுல விடியற்காலை உக்காந்திருக்கு. கடைசி சீட்டுல சாயங்காலம் உக்காந்திருக்கு. இப்ப சொல்லு, மழை யார் மூஞ்சியில அடிக்கும்?" அக்காவுக்கு அதைக் கேட்கக் கேட்கச் சந்தோஷம் தாங்காது. பெரிய படிப்பு படித்தவர்களே விழிக்கிற விஷயத்தைத் தன் தம்பி இப்படிப் பிட்டுப் பிட்டு வைக்கிறானே என்று.

அதோடு நிறுத்திக்கொள்வாள். அங்கேதான் தப்பு செய்தாள்.

ஏனென்றால் மழைக் கதை பாதிதான். மீதிப் பாதி இது: முன்னாலிருந்து வருகிற கல்லுக்கும் பூமிக்கும் நேருக்கு நேர் மோதல். இரண்டு வேகமும் கூடிப்போகும். அந்த வேகத்தில் காற்றில் நுழைகிற கல், தரை எட்டுவதற்கு வெகு உயரத்திலேயே பொடியாகிப் புகையாகிவிடும். பார்க்க வெளிச்சம், விழ ஒன்றுமில்லை. முதுகுப் பக்கம் வருகிறவை அப்படியல்ல. அவை ஓடுகிற பூமியைத் துரத்திப் பிடிக்கிறவை. மெல்ல வந்து சேரும். எண்ணிக்கை கொஞ்சம்தான், ஆனால் முழுசாகப் பிழைத்துத் தரையில் வந்து விழுகிற கற்கள் பெரும்பாலும் அந்தக் கூட்டத்திலிருந்துதான் வரும். கண்ணெதிரே விழுந்து மனிதர்கள் கையில் எடுத்த கற்களில் அதிகம் மத்தியானத்துக்குப் பிறகு விழுந்தவை. அவையும் எரிந்துகொண்டு வந்து விழுவதில்லை. வெளிச்சம் மேலேயே அணைந்துவிடும், அப்புறம் மாடியிலிருந்து நழுவவிட்ட செங்கல் மாதிரி இருட்டாக, ஏறக்குறையச் செங்குத்தாக இறங்கும்.

இந்தப் பாதியை அவள் யாருக்கும் சொன்னதில்லை. கேட்கிறவர் முகத்தில் 'அட' என்று ஒரு வெளிச்சம் வந்த பிறகு, ஆனால் என்று ஆரம்பித்து அதைக் கெடுப்பானேன் என்று விட்டுவிடுவாள். தம்பிக்கும் சொன்னதில்லை. இப்போது அவன், எரிந்துகொண்டே, தரைமட்டத்தில், மழைத்துளி வருகிற மாதிரி நேராக முன்கண்ணாடிக்கு ஒரு கல்லை வரவழைத்திருக்கிறான்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேரே தன் ஆன்டெனா நிலையத்துக்குப் போனாள். அந்த விடியலின் எதிரொலிகளைப் பார்த்தாள், கூரைமேல் இருக்கிற கேமராவின் படங்களைப் பார்த்தாள். ஏதாவது இருக்காதா என்ற நப்பாசை. விடியலில் பெரிய கல் விழவே விழாது என்று சட்டம் ஒன்றுமில்லையே, அபூர்வமாக விழுந்தும் இருக்கிறதே. ஆனால் அன்றைக்கு வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. சின்னச் சின்னக் கீறல்கள் வழக்கம்போல இருந்தன. கண் கூசுகிற வெளிச்சம் எதுவும் இல்லை. அக்கா அந்த அறையில் தனியாக உட்கார்ந்து அழுதாள்.

விபத்து விசாரணைக்கு இரண்டு நாள் இருக்கும்போது தம்பி மனைவி வந்தாள். நேரே சமையலறைக்கு வந்து, அக்கா கையிலிருந்த கத்தியை வாங்கி, மீதிக் காய்களை நறுக்க ஆரம்பித்தாள். பேச வேண்டியது பெரிதாக இருந்தால் அவளுக்குக் கைக்கு ஒரு வேலை வேண்டும்.

"அண்ணி, கம்பெனி வக்கீல் ஒண்ணே ஒண்ணுதான் கேப்பாராம். எரிகல்லு விடியற்காலையிலதான் அதிகமா வருமான்னு. நீங்க ஆமான்னு சொன்னாப் போதுமாம்."

"அது உண்மைதான்."

"அப்புறம் என்ன? உண்மையைச் சொல்லிட்டு வர்றதுக்கு எதுக்கு இவ்வளவு யோசனை? மூஞ்சியே சரியில்லையே உங்களுக்கு."

அக்கா அடுப்பை அணைத்தாள். "அவன் உன்கிட்ட என்ன சொன்னான்?"

கத்தி நின்றது. "நான் கேக்கல. நீங்களும் கேக்காதீங்க." ஒரு காயை நறுக்கிவிட்டு அவளே தொடர்ந்தாள். "அன்னைக்கு அவரோட முறையே இல்ல. போய்ட்டு வந்து சட்டையைக்கூடக் கழட்டல, இன்னொருத்தர் வரலன்னு மறுபடி கூப்பிட்டாங்க. முடியாதுன்னு சொல்லத் தெரியுமா உங்க தம்பிக்கு? நம்ம நிதானம் இருக்கான்னு நாலு பேர் சொல்லிட்டாப் போதும், குளிர்ந்துபோயிடும். பேரைக் காப்பாத்தணுமே. இப்ப என்னடான்னா, வீட்டுக்கு வந்ததுல இருந்து படுக்கறதே இல்ல அண்ணி. லைட்டைப் போட்டுக்கிட்டு நாற்காலியில உக்காந்திருக்கார். கண்ணை மூடினா ஏதோ பேச்சுக் குரல் கேக்குதாம். இப்படியே போனா ஆளே இருக்க மாட்டார். நீங்க ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன்."

சொல்லிவிட்டு நிஜமாகவே கும்பிட்டாள், கத்தியோடு. வேறொரு நாளாக இருந்தால் இரண்டு பேரும் சிரித்திருப்பார்கள்.

அக்கா அவள் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். "சொல்றேன்," என்றாள். சும்மா ஒப்புக்குச் சொல்லவில்லை, மனசாரத்தான் சொன்னாள். ஆமா என்பது பொய்யில்லை. திரையில் அந்தக் கோடு தினமும் சொல்வது அதைத்தான். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு நாற்காலியை விட்டு எழுந்து வந்துவிடலாம். மீதியை யாரும் கேட்காதவரை யாருக்கும் அதைச் சொல்ல வேண்டிய கடமை அவளுக்கு இல்லை. இரண்டு நாளும் இதையே தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். தம்பியைவிடப் பெரியதாக அவளுக்கு உலகத்தில் என்ன இருக்கிறது?

விசாரணை ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில். அக்கா சீக்கிரமே வந்துவிட்டாள். கீழே லிஃப்ட் வாசலில் ஒருவர் கதவு இடுக்கில் காதை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். சட்டைப் பையில் கரண்ட் பார்க்கிற ஒரு டெஸ்டர் செருகியிருந்தது.

"இதுல போகாதீங்கம்மா," என்றார். "கதவு பூட்டறதுக்கு முன்னாடியே பெட்டி நகருது. வாட்ச்மேன்கிட்ட சொன்னேன், தலையை ஆட்டறார்."

"நீங்க லிஃப்ட் வேலையா?"

"ஆமா. ஆனா இன்னைக்கு அதுக்கு வரல. எம்பொண்ணு கேஸு."

அவர் இறந்துபோன பெண்ணின் அப்பா என்று அக்காவுக்குப் புரிந்தது. ஒன்றும் சொல்லாமல் நழுவியிருக்கலாம். அப்படிச் செய்ய அவளுக்கு வரவில்லை. "நான் அந்த டிரைவரோட அக்கா," என்றாள்.

அவர் லிஃப்ட் கதவை விட்டு நகர்ந்து அவளைப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தாள். திட்டவில்லை. "வானத்தைப் பத்திப் படிச்சவங்க ஒருத்தர் வருவாங்கன்னு சொன்னாங்க. நீங்கதானா அது?"

"நான்தான்."

"அப்ப உங்ககிட்டயே சொல்றேன். எங்க தொழில்ல எதுவும் தானா விழாதும்மா. ஒரு ரோப் அறுந்துச்சுன்னா யாரோ ஒருத்தர் பாக்காம விட்டிருப்பார். அந்த ஆள் யாருன்னு தெரிஞ்சா சட்டையைப் பிடிக்கலாம், நாலு கேள்வி கேக்கலாம், அவர் முன்னாடி உக்காந்து அழலாம். இங்க கல்லுன்னு சொல்லிட்டாங்க. வானத்தைப் பார்த்து நான் என்னன்னு கேக்கறது, சொல்லுங்க?"

அவர் குரல் ஏறவே இல்லை. அது ஏறியிருந்தால் அக்காவுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"உங்க தம்பி ஜெயிலுக்குப் போகணும்னு எனக்கு ஆசையில்லம்மா. அதனால என் வீட்டுல என்ன மாறிடப் போகுது? எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். எம்பொண்ணு பஸ்ஸுல ஏறினா நேரா கடைசி சீட்டுக்குத்தான் போவா, காலை நீட்டிப் படுக்கலாம்னு. டிக்கெட்டும் கடைசி சீட்டுக்குத்தான் எடுத்திருக்கா. அன்னைக்கு மட்டும் ஏன் முன்னாடி வந்து உக்காந்தா? கடைசியா அவ பக்கத்துல இருந்தது உங்க தம்பிதான். ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டேன். கல்லு வந்துச்சு, வேற ஒண்ணும் ஞாபகமில்லன்னு சுவரைப் பார்த்துச் சொல்றார்." டெஸ்டரை எடுத்து மறுபடி பைக்குள் செருகினார். "வாங்க, படியில போயிடலாம்."

இரண்டு பேரும் படி ஏறினார்கள். அவர் ஒவ்வொரு திருப்பத்திலும் அவளுக்காக நின்று நின்று ஏறினார்.

விசாரணை அறையில் நீள மேசை, சுற்றிலும் நாற்காலிகள், மூலையில் கடகடவென்று ஒரு மின்விசிறி. நடுவில் விசாரணை அதிகாரி, கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத ஓர் அம்மா. ஒரு பக்கம் கம்பெனி வக்கீல். அவருக்குப் பக்கத்தில் தம்பி, கட்டுப் போட்ட கையோடு, மேசையையே பார்த்துக்கொண்டு. அவன் பின்னால் அவன் மனைவி. எதிர்ப்பக்கம் லிஃப்ட் மெக்கானிக், தனியாக.

வக்கீல் எழுந்தார். அக்காவின் படிப்பையும் உத்தியோகத்தையும் ஒரு பாட்டம் புகழ்ந்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். "எரிகற்கள் எந்த நேரத்துல அதிகமா வருது மேடம்?"

"விடியற்காலையில."

"அது உங்க அபிப்பிராயமா, நிரூபணமான உண்மையா?"

"நிரூபணமான உண்மை. பூமி ஓடற திசையில இருக்கற பக்கம்தான் அப்ப விடியற பக்கம். எதிர்ல வர்றதெல்லாம் அது மேல படும்."

"ரொம்ப நன்றி. அவ்வளவுதான்."

முடிந்தது. எழுந்து போக வேண்டியதுதான் பாக்கி. தம்பி மனைவி நெஞ்சில் கை வைத்துக்கொண்டிருந்தாள். தம்பி தலை நிமிரவில்லை. எதிரே லிஃப்ட் மெக்கானிக் மெல்லத் தலையாட்டிக்கொண்டார், இனி கேட்க ஒன்றுமில்லை என்று ஒத்துக்கொண்டவர் மாதிரி. அவள் எழுந்த கணத்தில் அந்தப் பெண்ணின் கடைசி நேரம் தம்பியின் வாய்க்குள் அப்படியே பூட்டிக்கொண்டுவிடும். அதை இனி ஒருநாளும் அவர் கேட்கப் போவதில்லை, இவன் ஒருநாளும் சொல்லப் போவதில்லை. இவன் நாற்காலியில் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தே இருப்பான்.

அக்கா எழவில்லை.

"நான் பாதிதான் சொல்லியிருக்கேன்," என்றாள்.

வக்கீல் திரும்பினார். "கேட்ட கேள்விக்குப் பதில் வந்தாச்சு மேடம்."

"அவங்க சொல்லட்டும்," என்றார் அதிகாரி.

அக்கா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "விடியற்காலையில வர்றது அதிகம். ஆனா அது எதிர்ல மோத வர்றது. ரொம்ப வேகம். மேலேயே எரிஞ்சு பொடியாயிடும். தரைக்கு வந்து சேர்ற கல்லு பெரும்பாலும் பூமியைப் பின்னாடியிருந்து துரத்திக்கிட்டு வர்றது. அது சாயங்காலப் பக்கம். அதுவும் எரிஞ்சுக்கிட்டு வந்து ரோட்டுல விழாது. வெளிச்சம் உயரத்துலயே அணைஞ்சுடும். மேலேயிருந்து கீழ இறங்கும். ரோட்டோட மட்டத்துல எதிர்ல வராது."

"அப்ப இது நடந்திருக்கவே முடியாதுன்னு சொல்றீங்களா?" என்று கேட்டார் வக்கீல்.

"விடியற நேரத்துல கல்லு விழவே விழாதுன்னு நான் சொல்ல மாட்டேன். விழுந்திருக்கு, அபூர்வமா. ஆனா அன்னைக்கு எங்க கேமராவுல ஒண்ணும் இல்ல. அது போகட்டும். என் தம்பி சொல்ற கல்லு வர்ற விதமே வேற. மழை வண்டிக் கண்ணாடியில அடிக்கற மாதிரி வருது. அந்த மழை உதாரணம் நான் வீட்டுல சொன்னது. அவன் கல்லு வானத்துல இருந்து வரல. நான் சொன்ன கதையில இருந்து வந்திருக்கு."

தம்பி மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தம்பி தலையைத் தூக்கினான். ஆஸ்பத்திரிக்குப் பிறகு அன்றுதான் அக்காவின் முகத்தைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் வரும் என்று அவள் காத்திருந்தாள். ஆனால் அவன் ஏதோ கணக்குத் தப்பிப்போன பையன் மாதிரி கேட்டான்.

"பின்னாடி வர்றதைப் பத்தி நீ சொல்லவே இல்லையேக்கா."

"சொல்லலடா. தப்புத்தான்."

"சொல்லியிருந்தா வேற ஏதாவது சொல்லியிருப்பேன்." ஒரு கையால் மேசையை ஊன்றி எழுந்தான். வக்கீல் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார். வக்கீலைக் கலந்துகொண்டு பேசும்படி அதிகாரியும் சொன்னார். வேண்டாம் என்று தலையை ஆட்டினான். அதிகாரியைப் பார்க்காமல் எதிரே இருந்தவரைப் பார்த்துப் பேசினான்.

"தூங்கிட்டேன் சார்."

லிஃப்ட் மெக்கானிக் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"கல்லும் இல்ல, ஒண்ணும் இல்ல. ரெண்டு டியூட்டி சேர்ந்தாப்புல. கண்ணு சொருகுது, எனக்கே தெரியுது. நிறுத்திட்டுக் கொஞ்ச நேரம் படுத்திருக்கலாம். நிதானம் வண்டியை ஓரங்கட்டித் தூங்கினான்னு டிப்போவுல சிரிப்பாங்களேன்னு நிறுத்தல. ஜெயிலுக்குப் பயந்து கல்லுன்னு சொல்லல சார். அதுக்குப் பயமில்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா அது இல்ல." அவர் பக்கம் முழுதாகத் திரும்பினான். "உங்க பொண்ணு ஏன் முன்னாடி வந்துச்சுன்னு கேட்டீங்கல்ல? வண்டி ஒரு தடவை கோட்டைத் தாண்டிப் போயிட்டுத் திரும்புச்சு. எல்லாரும் தூங்கறாங்க. அந்தப் பொண்ணு மட்டும் முழிச்சிருந்திருக்கு. கடைசி சீட்டுல இருந்து எழுந்து, ஒவ்வொரு கம்பியாப் பிடிச்சுக்கிட்டு முன்னாடி வந்துச்சு. அண்ணே, தூக்கம் வருதா, நான் பேசிக்கிட்டே வரட்டுமான்னு கேட்டுச்சு. வேணாம்மா, நீ போய்ப் படுன்னேன். பரவாயில்லன்னு பக்கத்து சீட்டுல உக்காந்துக்கிச்சு."

அவர் பையிலிருந்த டெஸ்டரை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"பேசிக்கிட்டே வந்துச்சு சார். புது ஆபீஸ் கேன்டீன்ல டீ வாயில வைக்க முடியலன்னு சொல்லுச்சு. எங்க அப்பா லிஃப்ட் ரிப்பேர் பண்றவர், ஆனா எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் லிஃப்ட்ல மட்டும் ஏறவே மாட்டார், எங்களையும் படியில இழுத்துக்கிட்டுப் போவார்னு சொல்லிச் சிரிச்சுச்சு. எனக்கும் சிரிப்பு வந்துச்சு. அப்ப நல்லாத்தான் ஓட்டினேன். அப்புறம்..." அவன் மனைவி எழுந்து வந்து அவன் முதுகில் கை வைத்தாள். "அப்புறம் எனக்கு ரோஷம் வந்துடுச்சு. ஒரு சின்னப் பொண்ணு வந்து என்னைத் தூங்காம பாத்துக்கறதான்னு. போதும்மா, பேச்சை நிறுத்து, நான் பாத்துக்கறேன்னு சொல்லிட்டேன். கொஞ்சம் கடுப்பாவே சொன்னேன். சரிண்ணேன்னு நிறுத்திடுச்சு. சத்தம் நின்னவுடனே எனக்குக் கண்ணு இருட்டிடுச்சு. இதை உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் கல்லுன்னேன்."

சொல்லி முடித்து நின்றுகொண்டே இருந்தான். உட்காரும்படி யாரும் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அதிகாரியும் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்திருந்தார். அக்காவுக்கு எழுந்துபோய்த் தம்பியைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. எதிரே இருக்கிற மனிதர் அதைப் பார்க்கும்படி செய்யக் கூடாது என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

லிஃப்ட் மெக்கானிக் எழுந்தார். மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தார். வக்கீல் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்தார், வாசலில் நின்றிருந்த பியூன் உள்ளே ஓர் அடி வைத்தான். அவர் தம்பிக்கு முன்னால் வந்து நின்று, அவன் சட்டைக் காலரை ஒரு கையால் பிடித்தார். பிடித்தாரே தவிர உலுக்கவில்லை.

"சட்டுனு நிறுத்திட்டாளா?" என்று கேட்டார்.

"ஆமா சார். சொன்னவுடனே."

"வீட்டுல நான் சொன்னா நிறுத்தவே மாட்டா." காலரை விட்டுவிட்டு, வக்கீலின் காலி நாற்காலியை இழுத்துப் போட்டு, அவனுக்கு எதிரே உட்கார்ந்தார். "அவளை நிறுத்தச் சொன்னே. இப்ப நீ நிறுத்தாதே. வந்து உக்காந்ததுல இருந்து என்னென்ன பேசினாளோ அத்தனையும் சொல்லு. ஒண்ணு விடாம சொல்லு."

தம்பி அதிகாரியைப் பார்த்தான். அவர் தலையசைத்தார். தம்பி உட்கார்ந்தான்.

"மொதல்ல தண்ணி வேணுமான்னு கேட்டுச்சு சார்," என்று ஆரம்பித்தான்.